புனையா ஓவியமும் வண்ணம் தீட்டும் நூலும்: அருங்காட்சியகப் படங்கள் மாணவர் கைக்கு வந்த வரலாறு

வண்ணம் தீட்டும் நூல் என்பது, கோடுகளால் மட்டும் வரையப்பட்ட படங்களை அச்சிட்டு, அவற்றுக்கு நிறம் கொடுக்கும் வேலையை வாசகரிடம் விட்டுவிடும் நூலாகும். நம் வீடுகளில் ‘கலரிங் புக்’ என்ற பெயரில் புழங்குவது இதுவே. கடைகளில் கிடைக்கும் இத்தகைய நூல்களில் பழங்களும் வண்டிகளும் கார்ட்டூன் உருவங்களுமே மிகுதி. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம்மிடமுள்ள பழைய ஓவியங்கள், அச்சுப்படங்கள், சிற்பங்கள் ஆகியவற்றைக் கோட்டுப்படங்களாக்கி வெளியிடும் நூல்கள் இதில் ஒரு தனி வகை. கடந்த பத்தாண்டுகளில் இவ்வகை உலகெங்கும் பரவியுள்ளது.

இது புதுமை போலத் தோன்றினாலும், கோடு ஒருவர் கையிலும் நிறம் இன்னொருவர் கையிலும் இருந்த ஒரு நெடிய மரபின் தொடர்ச்சியே ஆகும். அந்த மரபில் தமிழ்நாட்டுக்கும் சென்னை நகருக்கும் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஓர் அருங்காட்சியகப் படத்தை மாணவர் கையில் கொடுக்கும்போது அதனுடன் எவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

புனையா ஓவியம்

நிறம் தீட்டப்படாத கோட்டுப்படத்துக்குப் பழந்தமிழில் ‘புனையா ஓவியம்’ என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையிலும், ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையிலும் இச்சொல் வருகிறது. நெடுநல்வாடையில் தலைவன் போர்ப் பாசறையில் இருக்க, அரண்மனையில் அணிகலன்களைக் களைந்து தனித்திருக்கும் தலைவிக்கு இது உவமையாகிறது. வண்ணம் பெறாத ஓவியத்துக்கென ஒரு தனிச்சொல் இருந்ததும், கேட்டவுடன் புரியும் உவமையாக அது பயன்பட்டதும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. முதலில் கோட்டால் உருவம் அமைத்து, பிறகு வண்ணம் சேர்க்கும் முறை அக்காலத்தவர் கண்ணுக்குப் பழகிய ஒன்றாக இருந்திருக்கிறது.

வடமொழியில் ஓவியக் கலையை விரிவாகப் பேசும் விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, ஓவியத்தில் தேர்ந்த ஆசிரியர்கள் கோட்டையே பாராட்டுவர் என்றும், பொதுமக்கள் வண்ணச் செழிப்பை விரும்புவர் என்றும் தரம் பிரிக்கிறது. கோடு அறிவைச் சேர்ந்தது, நிறம் அலங்காரத்தைச் சேர்ந்தது என்ற எண்ணம் பழையது. ஆனால் அது முழு உண்மை இல்லை என்பதைப் பின்னால் காண்போம்.

பட்டறை வழக்கமும் இந்தப் பிரிவை ஒட்டியே அமைந்தது. ‘பலகைப் படம்’ எனப்படும் தஞ்சாவூர் ஓவியத்தில், பலகையின் மேல் துணி ஒட்டிப் பூச்சிட்டு, அதன்மேல் முதலில் உருவத்தைக் கோடாக வரைகிறார்கள். பிறகு கற்கள் பதித்து, தங்கத்தகடு ஒட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். முடிவில் மெல்லிய கோடுகளால் கண்ணையும் விரலையும் திருத்துகிறார்கள். தொடக்கமும் முடிவும் கோடுதான்.

வண்ணம் தீட்டும் நூலின் தோற்றம்

அச்சிட்ட கோட்டுப்படத்தை வாசகரே வண்ணம் தீட்டிக்கொள்ளும் நூல்கள் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றின. 1760இல் லண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட ‘தி ஃப்ளோரிஸ்ட்’ என்ற நூல் இவற்றுள் முந்தையவற்றில் ஒன்று. அதில் பூக்களின் படங்கள் 60 தகடுகளாக இருந்தன. அவற்றோடு ஒவ்வொரு பூவின் நிறத்தைப் பற்றிய விவரமும், இயற்கையில் உள்ளபடி வரைந்து வண்ணம் தீட்டுவதற்கான குறிப்புகளும் சேர்க்கப்பட்டிருந்தன. கோட்டுப்படத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘உன் விருப்பம் போல் தீட்டு’ என்று அந்நூல் சொல்லவில்லை. நிறத்துக்கான சான்றையும் உடன் கொடுத்தது.

குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவின. கேட் கிரீனவே வரைந்த கோட்டுப்படங்களோடு 1879 வாக்கில் வெளிவந்த ‘தி லிட்டில் ஃபோக்ஸ் பெயின்டிங் புக்’ இவற்றுள் புகழ்பெற்றது. மெழுகு வண்ணக்குச்சிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டில் இவை பள்ளிக்கும் வீட்டுக்கும் பொதுவாயின. நிறம் பற்றிய குறிப்புகள் மெல்ல மறைந்தன. படம் கையைப் பழக்குவதற்கும் பொழுதுபோக்குக்கும் உரியதாக மாறியது.

2013இல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ வெளிவந்தபின், பெரியவர்களும் வண்ணம் தீட்டும் நூல்களை வாங்கத் தொடங்கினர். இந்த ஆர்வம் உச்சத்தில் இருந்தபோது, 2016 பிப்ரவரியில், நியூயார்க் மருத்துவக் கழகத்தின் நூலகம் ‘கலர் அவர் கலெக்‌ஷன்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. எங்கள் சேகரிப்புகளுக்கு வண்ணம் தீட்டுங்கள் என்பது இதன் பொருள். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தம்மிடமுள்ள பழைய மூலிகை நூல்கள், உடற்கூற்றுப் படங்கள், நிலப்படங்கள், விலங்குப் படங்கள் ஆகியவற்றிலிருந்து கோட்டுப்படங்களைத் தேர்ந்தெடுத்து, யாரும் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளும் கோப்புகளாக வெளியிட்டன. அதன்பின் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு வாரம் இது நடைபெற்று வருகிறது. பழைய இயற்கை வரலாற்று நூல்களை எண்மமாக்கித் தரும் பல்லுயிர் மரபு நூலகமும் இதில் பங்கேற்றது.

சென்னையிலும் இதற்கு நெருக்கமான முயற்சி உண்டு. இங்குள்ள தாரா புக்ஸ் பதிப்பகம், ஒரே யானையையும் ஒரே மீனையும் இந்தியாவின் பல்வேறு நாட்டார், பழங்குடி ஓவிய மரபுகள் எப்படியெல்லாம் வரைகின்றன என்று காட்டி, குழந்தைகள் வரைந்தும் வண்ணம் தீட்டியும் பழகுவதற்கான நூல்களை வெளியிட்டுள்ளது.

சோழமண்டலக் கரைச் செடிகளுக்கு லண்டனில் நிறம்

மேற்சொன்ன எண்ம நூலகங்களில் நம் மண்ணின் செடிகளைப் பற்றிய இரண்டு பெரும் நூல்கள் உள்ளன. அவற்றின் கதை, கோட்டுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை நன்கு விளக்கும்.

முதலாவது, வில்லியம் ராக்ஸ்பரோவின் ‘சோழமண்டலக் கரையின் தாவரங்கள்’. ராக்ஸ்பரோ கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் படையில் மருத்துவராக வந்தவர். செடிகளைச் சேகரித்து, இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அந்த ஓவியங்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஜோசப் பேங்க்ஸின் மேற்பார்வையில் 300 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. நாம் அன்றாடம் காணும் பனையும், காட்டில் செம்மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் புரசும் அந்நூலில் உண்டு.

வண்ண அச்சு இன்னும் எளிதாகாத காலம் அது. தகட்டிலிருந்து கறுப்புக் கோடு மட்டுமே அச்சாகும். ஒவ்வொரு தாளுக்கும் கையால்தான் நீர்வண்ணம் தீட்ட வேண்டும். அன்றைய லண்டனில் இதற்கெனப் பட்டறைகள் இருந்தன. வண்ணம் தீட்டி முடித்த ஒரு மாதிரித் தாளை முன்னே வைத்துக்கொண்டு, கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான தாள்களை அதேபோல் தீட்டினர். பெண்களும் சிறுவர்களும் இவ்வேலையில் பெருமளவில் ஈடுபட்டனர். புரசு மரத்தைக் கண்ணால் கண்டிராத ஒருவர், மாதிரித் தாளை மட்டும் நம்பி அதற்கு நிறம் கொடுத்திருப்பார். இன்று ஒரு மாணவர் வண்ணம் தீட்டும் நூலில் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஒரே வேறுபாடு, அன்றைய தொழிலாளியிடம் மாதிரித் தாள் இருந்தது, இன்றைய மாணவரிடம் பெரும்பாலும் அது இல்லை.

ராக்ஸ்பரோவின் நூலில் செடிகளுக்குப் பெயர் உண்டு, ஆசிரியருக்குப் பெயர் உண்டு. செடியை முதலில் பார்த்து வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர்கள் இல்லை.

ரங்கய்யாவும் கோவிந்துவும்

இரண்டாவது நூல் சென்னையிலேயே அச்சானது. ராபர்ட் வைட் (1796–1872) என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கம்பெனிப் பணியில் சென்னை மாகாணத்துக்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தார். பழனி மலை, குற்றாலம், நீலகிரி, கோயம்புத்தூர் என்று அவர் செடி சேகரித்த இடங்கள் பல. அவருக்காக வரைந்தவர்கள் இருவர். ஒருவர் ஆங்கிலத்தில் ‘ருங்கையா’ என எழுதப்பட்ட ரங்கய்யா. இவர் ஏறத்தாழ 1845 வரை வைட்டுக்காக வரைந்தார். அவருக்குப்பின் வரைந்தவர் கோவிந்து.

வைட்டின் ‘இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள்’, ‘நீலகிரிச் செடிகள்’ பற்றிய தொகுப்பு ஆகியவை வண்ணப் படங்களோடு வெளிவந்தன. ஆனால் அவரது மிகப்பெரிய பணியான ‘ஐகோனஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2,101 படங்களோடு, நிறம் தீட்டப்படாமலேயே வெளிவந்தது. கையால் வண்ணம் தீட்டினால் விலை பன்மடங்கு கூடும். குறைந்த விலையில் நிறையப் படங்கள் வாசகரைச் சேர வேண்டும் என்பது வைட்டின் நோக்கம். ஐரோப்பாவில் புதிதாக வந்திருந்த கல்லச்சு முறையை அவர் சென்னையில் கையாண்டார். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெழுகு மையால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத தன்மையைக் கொண்டு அச்சிடும் முறை இது.

இவ்வாறு, 2,101 புனையா ஓவியங்கள் சென்னை நகரில் பிறந்தன. இலை நரம்பும் பூவின் உள்ளுறுப்பும் காயின் குறுக்குவெட்டும் கோடுகளாகவே தெளிவாக அமைந்த படங்கள் அவை. அறிவியல் நோக்கில் அவற்றுக்கு நிறம் தேவைப்படவில்லை. எத்தனை மகரந்தத் தாள்கள், அவை எங்கே இணைந்துள்ளன, சூலகம் எத்தனை அறைகள் கொண்டது என்பவற்றைக் கோடே சொல்லிவிடும்.

இப்படங்கள் பலவற்றின் அடியில் பொடி எழுத்தில் ‘ருங்கையா டெல்.’, ‘கோவிந்து டெல்.’ என்று அச்சாகியுள்ளது. ‘டெல்’ என்பது ‘வரைந்தார்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். ராக்ஸ்பரோ நூலில் மறைந்துபோன ஓவியர் பெயர் இங்கே தாளிலேயே நிற்கிறது. அதோடு, வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியரின் பெயரையே வைத்தார். அச்செடி பின்னர் வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும், 19ஆம் நூற்றாண்டில் ஓர் இந்திய ஓவியருக்குத் தாவரவியல் பெயரால் செய்யப்பட்ட சிறப்பு என்ற வகையில் அது நினைவில் வைக்கத்தக்கது. எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி, இவ்விருவரின் மூல ஓவியங்களை ஆராய்ந்து 2007இல் நூலாக வெளியிட்டார்.

வண்ணம் தீட்டும் தாள்களைத் தயாரிப்போர் வழக்கமாகச் செய்யும் முதல் வேலை, படத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளையெல்லாம் அழித்துத் தாளைச் ‘சுத்தமாக்குவது’. அப்போது ஓவியர் பெயரும் சேர்ந்து அழிந்துவிடும். கல்லச்சில் பொறித்து நின்ற பெயரை நாமே அழித்துவிட்டு மாணவரிடம் கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல் போன பின்பும் நின்ற கோடு

கோட்டுப்படம் வெறும் நகல் என்று எளிதாகக் கருதிவிட முடியாது. சில நேரங்களில் அதுவே ஒரே சான்றாக மிஞ்சியிருக்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணைக் கரையிலுள்ள அமராவதியின் பௌத்தத் தூபி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கம்பெனியின் நில அளவையாளரான காலின் மெக்கன்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு சென்று பார்த்தார். பின்னர், 1816க்குப் பிறகு, தம் வரைவாளர்களைக் கொண்டு அச்சிற்பங்களைப் படமெடுக்கச் செய்தார். அவர்கள் வரைந்த 85 படங்கள் கொண்ட தொகுப்பு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. தூபியின் கற்கள் பல வேறு கட்டுமானங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. சில சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டன. மெக்கன்சியின் ஆட்கள் வரைந்த கற்களில் பல இன்று எங்கும் இல்லை. அவற்றின் உருவம் கோட்டில் மட்டுமே வாழ்கிறது.

எஞ்சிய கற்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், மற்றொரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் உள்ளன. 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சி. சிவராமமூர்த்தி, அங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் ஒரு விரிவான நூல் எழுதினார். சிற்பங்களில் காணும் தலைப்பாகைகள், காதணிகள், இருக்கைகள், வண்டிகள், இசைக்கருவிகள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கோட்டுப்படங்களாக அந்நூலில் தந்தார். புகைப்படத்தில் நூறு உருவங்களுக்கிடையே மறைந்துபோகும் ஒரு காதணி, கோட்டுப்படத்தில் தனியே கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர் வண்ணம் தீட்டும்போது நிகழ்வதும் இதுவே. ஒரு சிற்பத்தின் முன் அரை நிமிடம் நின்றுவிட்டு நகரும் பிள்ளை, அதே சிற்பத்தின் கோட்டுப்படத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். இடுப்பணியின் ஒவ்வொரு மணியையும் அதன் கண் கடந்து செல்லும்.

எந்த நிறம்?

கோடு அறிவு, நிறம் அலங்காரம் என்ற பழைய எண்ணம் இங்குதான் தடுமாறுகிறது. நிறமும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றின் மேல் நாயக்கர் கால ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வாளரான எஸ். பரமசிவன் 1930களில் அந்தச் சோழர் ஓவியங்களின் பூச்சையும் நிறமிகளையும் ஆராய்ந்தார். ஈரச் சுண்ணச்சாந்தின் மேல் தீட்டப்பட்டவை அவை என்று அவர் முடிவு செய்தார். சுண்ணாம்பின் வெண்மை, புகைக்கரியின் கறுப்பு, காவி மண்ணின் மஞ்சளும் சிவப்பும், பச்சை மண், நீலக்கல்லின் நீலம் என்று அந்த வண்ணங்கள் சிலவே. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்கக்கூடிய நிறமிகளை மட்டுமே இம்முறையில் பயன்படுத்த முடியும். ஆகவே சோழ ஓவியரின் வண்ணத்தட்டு அவரது விருப்பத்தால் மட்டும் அமையவில்லை. சுவரின் வேதியியலும் அதைத் தீர்மானித்தது. ஒரு தஞ்சைச் சுவரோவியத்தின் கோட்டுப்படத்தோடு இந்தச் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தால், இருபத்துநான்கு வண்ணப் பெட்டியிலிருந்து ஐந்தாறு குச்சிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மாணவர் யோசிக்கத் தொடங்குவார்.

சிற்பங்களுக்கும் இதே கேள்வி உண்டு. அருங்காட்சியகத்தில் கருங்கல்லாகவும் பச்சை படிந்த செம்பாகவும் பார்த்துப் பழகிய நமக்கு, பழங்காலம் நிறமற்றதாகத் தோன்றுகிறது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயச் சுவர்களில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்கள் இன்றும் உள்ளன. அக்கோயில் கட்டப்பட்ட காலத்தில் இன்றைய மங்கிய மணற்கல் நிறத்தில் மட்டும் நின்றிருக்கவில்லை. ஐரோப்பாவிலும் கிரேக்கச் சிலைகள் வெள்ளைப் பளிங்கு என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 2003இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் முதலியோர் நிறமிகளின் எச்சத்தை ஆராய்ந்து, வண்ணம் தீட்டிய நகல்களைக் காட்சிக்கு வைத்தபோது பார்வையாளர் பலர் திகைத்தனர். மண்ணில் புதைந்து பச்சை படிந்த ஒரு செப்புத் திருமேனியும், வார்த்தெடுத்த நாளில் பொன்போல் ஒளிர்ந்திருக்கும். அதன் கோட்டுப்படத்துக்கு மாணவர் பச்சை தீட்டினால் இன்றைய நிலையைக் காட்டுகிறார், பொன்னிறம் தீட்டினால் அன்றைய நிலையைக் காட்டுகிறார். இரண்டும் சரியே. எதைக் காட்டுகிறோம் என்று தெரிந்து தீட்டுவதுதான் முக்கியம்.

வைட்டின் செடிப் படங்களில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு. சோழ ஓவியர் இன்று இல்லை, ஆனால் ரங்கய்யா வரைந்த செடிகள் இன்றும் வேலியோரத்தில் இருக்கின்றன. மாணவர் வெளியே போய்ப் பார்த்து வந்து தீட்டலாம். அப்போது வேறொன்றும் புலப்படும். தமிழ்நாட்டின் மாநிலப் பூவான காந்தளை எடுத்துக்கொள்வோம். அரும்பில் பச்சை, விரியும்போது அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முதிரும்போது ஏறத்தாழ முழுச் சிவப்பு. ஒரே பூவுக்கு எந்த நாளின் நிறத்தைக் கொடுப்பது? நேரில் பார்த்துத் தீட்டுகிறவரே இந்தக் கேள்வியைக் கேட்பார்.

குரோம்பேட்டையும் ஒரு மஞ்சள் நிறமும்

நிறமிகளின் வரலாறு காலத்தைக் கணிக்கவும் உதவும். ஓர் ஓவியத்தில் பிரஷ்ய நீலம் இருந்தால் அது 18ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஏனெனில் அந்த நிறமி அந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெர்லினில் உருவானது. குரோம் மஞ்சள் இருந்தால் இன்னும் பிற்பட்டது. 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் சைபீரியச் செந்நிறக் கனிமம் ஒன்றிலிருந்து ஒரு புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பலவகை நிறங்களில் இருந்ததால், நிறம் எனப் பொருள்படும் ‘குரோமா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் என்று பெயர் வந்தது. ஈயமும் குரோமியமும் சேர்ந்த குரோம் மஞ்சள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓவியர்களிடையே பரவியது. ஈயம் இருப்பதால் அது நச்சுத்தன்மை உடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

தென்சென்னைப் புறநகரான குரோம்பேட்டையின் பெயர் இந்தச் சொல்லிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை நெடுங்காலம் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் சோதித்தார். அவர் அப்போது தலைமை வகித்தது சென்னைக் கலைப்பள்ளிக்கு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம் கற்பித்த நிறுவனமும் குரோம் தோல் சோதனையும் ஒரே நிழலில் இருந்தன. பின்னர் 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்கு அருகில் குரோம் லெதர் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதையொட்டி வளர்ந்த ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. ஊர்ப்பெயரின் முற்பாதிக்கு ‘நிறம்’ என்பது வேர்ப்பொருள் என்று வகுப்பில் சொன்னால், இவ்வூர்ப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு வியப்பு தோன்றும். வரலாற்றுப் பாடத்தை அந்த வியப்பிலிருந்து தொடங்கலாம்.

ஒரு நல்ல தாளில் இருக்க வேண்டியவை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து, அருங்காட்சியகப் படத்தைக் கொண்டு வண்ணம் தீட்டும் தாள் தயாரிப்பவர் கவனிக்க வேண்டியவை சில தெளிவாகின்றன.

முதலாவது, பெயர். பொருள் எது, எந்த ஊரில் கிடைத்தது, எக்காலத்தது, இப்போது எங்கே உள்ளது என்பவை தாளிலேயே இருக்க வேண்டும். வரைந்தவர் பெயர் தெரிந்தால் அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். பழைய கல்லச்சுப் படத்தை நகலெடுக்கும்போது அடியிலுள்ள பொடி எழுத்தை வெட்டிவிடக் கூடாது.

இரண்டாவது, கோடு. புகைப்படத்தைக் கணினிச் செயலியில் கொடுத்துக் கோடாக மாற்றினால், உடைந்த விரலுக்கும் ஆடை மடிப்புக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. முத்திரையும் ஆயுதமும் சிதைந்தால் சிவன் திருமால் ஆகிவிடுவார். கோட்டை மூலப்பொருளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். சிதைந்த பகுதியை நாமாக நிரப்பினால், அதைப் புள்ளிக்கோட்டால் காட்ட வேண்டும்.

மூன்றாவது, நிறத்துக்கான சான்று. 1760இல் சேயரின் பூ நூல் செய்ததை இன்றும் செய்யலாம். ‘இவ்வோவியர் பயன்படுத்திய நிறங்கள் இவை’ என்று தாளின் ஓரத்தில் இரண்டு வரி போதும். அதன்பின் மாணவர் தம் விருப்பம்போல் தீட்டட்டும். சான்றைத் தெரிந்துகொண்டு அதிலிருந்து விலகுவதில் தவறில்லை. ஒரே படத்தை இரண்டு பிரதிகளாகக் கொடுத்து, ஒன்றைச் சான்றுப்படியும் மற்றொன்றை விருப்பப்படியும் தீட்டச் சொல்வது வகுப்பில் நல்ல பயன் தரும்.

நான்காவது, உரிமை. ராக்ஸ்பரோ, வைட் நூல்களின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றை எண்ம நூலகங்களிலிருந்து இறக்கிப் பயன்படுத்தலாம். இன்றைய ஓவியர் வரைந்த கோட்டுப்படத்துக்கும், அருங்காட்சியகம் எடுத்த புகைப்படத்துக்கும் அனுமதி தேவையா என்று பார்த்தாக வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் மின்தொடர் வண்டி குரோம்பேட்டை வழியாக எழும்பூருக்குச் செல்கிறது. மாணவர்கள் முதலில் வகுப்பில் அமராவதிச் சிற்பத்தின் கோட்டுப்படத்துக்கு வண்ணம் தீட்டிவிட்டு, அத்தாளையும் கையில் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். தாம் தீட்டிய காதணியையும் தலைப்பாகையையும் கல்லில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். கோட்டில் இருந்து கல்லில் இல்லாததையும், கல்லில் இருந்து கோட்டில் விடுபட்டதையும் குறித்துக்கொள்வார்கள். ஆய்வு என்பதன் முதல் படி அதுதான்.

கோவிந்துவின் பெயரைச் சூட்டிய ஆர்க்கிட் பேரினம் இன்று தாவரவியல் பட்டியலில் இல்லை. அவர் வரைந்த கோடுகள் இருக்கின்றன, அவற்றின் அடியில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தத் தாளுக்கு இன்று வண்ணம் தீட்டும் பிள்ளை, கீழே தன் பெயரையும் எழுதட்டும். 180 ஆண்டுகளுக்கு முன் வரைந்தவர் ஒருவர், இன்று நிறம் கொடுத்தவர் ஒருவர் என்று இரண்டு பெயர்களும் ஒரே தாளில் நிற்பதுதான் முறை.